வேப்பூர் கூட்டு ரோட்டிலிருந்து உலகம் எவ்வளவு தூரம்?

வேப்பூர் கூட்டு ரோட்டில் நின்றால் நான்கு திசைக்கும் பேருந்து கிடைக்கும். வடக்கே உளுந்தூர்பேட்டை, சென்னை. தெற்கே பெரம்பலூர், திருச்சி. கிழக்கே விருத்தாசலம் தாண்டிக் கடலூர். மேற்கே சின்னசேலம் தாண்டிச் சேலம். விமானம் ஏற மட்டும் இங்கிருந்து இன்னொரு ஊருக்குப் போயாக வேண்டும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பிள்ளையை அனுப்பிவைக்கிற வீட்டில் முதலில் எழுகிற கேள்விகள் இரண்டு: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? இரண்டுக்கும் டிக்கெட்டில் பதில் இருப்பதுபோலத் தோன்றும். டிக்கெட் சொல்வது பாதிக் கணக்குத்தான். மீதிக் கணக்கைப் போடும் வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

முதலில் ஓர் ஆச்சரியம். வேப்பூரிலிருந்து சிங்கப்பூர் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 2,970 கிலோமீட்டர். துபாய் சுமார் 2,930. வித்தியாசம் 40 கிலோமீட்டர். விருத்தாசலத்துக்கு ஒரு தடவை போய்த் திரும்புகிற தூரம்தான். ஒன்று கிழக்கே வங்கக் கடலுக்கு அப்பால், மற்றொன்று மேற்கே அரபிக் கடலுக்கு அப்பால். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அதிகம் போகும் இரண்டு ஊர்களுக்கும் நடுவில், ஏறத்தாழ அளந்து வைத்தாற்போல இருக்கிறது வேப்பூர்.

தூரம் ஒன்றாக இருந்தால் பறக்கும் நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும். திருச்சியிலிருந்து இரண்டு ஊருக்கும் நாலேகால் மணி நேரம், சற்று முன்பின். ஆனால் டிக்கெட்டில் அச்சான கடிகார நேரத்தைக் கழித்துப் பார்த்தால் தலை சுற்றும். இரவு 10 மணிக்குத் திருச்சியில் கிளம்பும் ஒரு விமானம் நாலேகால் மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அப்போது அதிகாலை 4.45. அதே 10 மணிக்குக் கிளம்பி அதே நாலேகால் மணி நேரம் பறந்து துபாயில் இறங்கினால் அங்கே நள்ளிரவு 12.45தான். தாளில் ஒன்று ஆறே முக்கால் மணி நேரப் பயணம், மற்றது இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

காரணம் தெரிந்ததுதான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். உலகம் முழுக்க இதுதான் முறை. கிழக்கே போகிறவர் கழித்து வந்த நேரத்திலிருந்து வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும். மேற்கே போகிறவர் கூட்ட வேண்டும். ஊரில் பெரியவர்கள் சிலர் சிங்கப்பூருக்கு இரண்டு மணி நேர வித்தியாசம் என்றே இன்னும் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. 1982 பிறக்கும்போது மலேசியா தன் மேற்குப் பகுதியின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் சேர்ந்து நகர்த்திக்கொண்டது. இலங்கையும் 1996இல் கடிகாரத்தை மாற்றி, 2006இல் மறுபடி நம் நேரத்துக்கே திரும்பியது. ஆகவே பழைய நினைவை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. லண்டன், டொராண்டோ போகிறவர்களுக்கு இது கட்டாயம். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். லண்டனுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நாலரை. டொராண்டோவுக்குப் பத்தரை, ஒன்பதரை. இரண்டு ஊரும் கடிகாரத்தை மாற்றும் தேதிகூட ஒன்றல்ல.

இனிப் பறக்கும் நேரத்தைக் கணக்கிடும் எளிய வழி. நேர்க்கோட்டுத் தூரத்தை 800ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்ட வேண்டும். நடுவானில் விமானம் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வான்வழியும் முழு நேர்க்கோடாக இருப்பதில்லை. ஓடுபாதைவரை ஊர்ந்துபோகும் நேரமும் டிக்கெட் நேரத்தில் அடக்கம். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 800, அரை மணி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,985 கிலோமீட்டர். வகுத்தால் 3 மணி 44 நிமிடம். அரை மணி கூட்டினால் 4 மணி 14 நிமிடம். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர். கணக்கு 10 மணி 47 நிமிடம் காட்டும். போகும் வழிக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். திரும்பும் வழி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. தூரம் பார்க்கும்போது அது எந்த அளவில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். விமானத் துறை கடல் மைலில் பேசும்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைல் 1.609. அதே திருச்சி–சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 1,855 என்றும், இன்னோரிடத்தில் 1,612 என்றும் போட்டிருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

நேர்க்கோடு என்றால் எது நேர்க்கோடு? இதைப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அளந்தால் தப்பாகிவிடும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த படம் அது; வடக்கே போகப்போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். பூமி உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு நுனியும் டொராண்டோவில் ஒரு நுனியுமாக நூலை இறுக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சுவர்ப் படத்தில் கனடா மேற்கே இருக்கிறது. நூலோ சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே, சற்றே மேற்கு சாய்ந்து கிளம்பும். நடு ஆசியாவைக் கடந்து, ரஷ்யாவின் வடமேற்குக் கோடியைத் தாண்டி, ஆர்க்டிக் கடல் வழியாக இறங்கிக் கனடாவுக்குள் நுழையும். தூரம் சுமார் 13,390 கிலோமீட்டர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். புவியியல் பாடம் பத்து நிமிடத்தில் மனசில் ஏறிவிடும்.

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறத்தான் வேண்டும். எங்கே மாறுவது என்பதில்தான் காசும் நேரமும் இருக்கின்றன. லண்டனில் மாறினால் மொத்தத் தூரம் சுமார் 13,940. துபாயில் மாறினால் சுமார் 14,020. நூல் காட்டும் வழியைவிட 550 முதல் 630 கிலோமீட்டர்தான் கூடுதல். பறப்பதில் முக்கால் மணி நேரம். ஆகவே இந்த இரண்டில் எது மலிவோ, எதில் காத்திருப்பு தோதாக இருக்கிறதோ அதை எடுக்கலாம். ஹாங்காங் வழியே போனால் 16,300ஐத் தொட்டுவிடும். டிக்கெட் சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் அந்த இரண்டு வழிகளைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூடுதலாக வானத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிட்னி போகிறவருக்குக் கதை தலைகீழ். சென்னையிலிருந்து சிட்னி சுமார் 9,130; சிங்கப்பூரில் இறங்கி மாறினாலும் சுமார் 9,230தான். சிங்கப்பூர் அந்த நூலின் மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம். அதே சிட்னிக்குத் துபாய் வழியாக மலிவு டிக்கெட் என்று யாராவது நீட்டினால் அது 15,000 கிலோமீட்டர்ப் பயணம். வயதானவர்களை அந்த வழியில் அனுப்பவே கூடாது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று ஓடும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஐரோப்பா போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. லண்டன் பயணத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதன் முக்கியக் காரணம் அதுதான். நம் தென்னிந்தியாவுக்கு மேலே ஜூன் முதல் செப்டம்பர்வரை இன்னொரு காற்று உண்டு. அது எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர்மாறான ஓட்டம். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து, 1958இல் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியது இந்தக் காற்றைத்தான். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர் குறித்த நேரத்துக்குச் சற்று முன்பே இறங்கினால் அதில் இந்தக் காற்றின் கை இருக்கக்கூடும்.

இதுவரை வானம். வேப்பூர்க்காரரின் பயணத்தில் பாதிக்கும் மேல் தரையில்தான் கழிகிறது.

திருச்சி விமான நிலையம் கூட்டு ரோட்டிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். சென்னை விமான நிலையம் சுமார் 200. திருச்சிப் பக்கம் திருமாந்துறை, சமயபுரம் என இரண்டு சுங்கச்சாவடிகள்; சென்னைப் பக்கம் செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என நான்கு. காரில் திருச்சிக்கு இரண்டு மணி நேரம் போதும். சென்னைக்கு மூன்றரை மணி நேரம் என்று கிளம்பினாலும், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம்வரை என்ன நெரிசல் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாட்களில் அந்தச் சாலையில் விமானத்துக்குப் போகிறவர் ஆறு மணி நேரம் ஒதுக்குவதே சரி. வேப்பூரிலேயே வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை நாள். பண்டிகைக்கு முந்தைய சந்தை என்றால் அதிகாலையிலேயே வண்டிகள் குவிந்துவிடும். கிராமத்திலிருந்து கூட்டு ரோட்டுக்கு வருகிறவர்கள் அன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும்.

சிங்கப்பூர்வரை கூட்டிப் பார்த்தால் கணக்கு இப்படி வரும். திருச்சி வழி: சாலையில் இரண்டு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, வானத்தில் நாலேகால், இறங்கியபின் குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி. மொத்தம் பத்தேகால் மணி நேரம். சென்னை வழி குறைந்தது பன்னிரண்டு. எளிதில் பதினாலு ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,930 கிலோமீட்டர், திருச்சியைவிட 55 கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. அந்த லாபம் வானத்தில் நாலு நிமிடம். தரையில் இழப்பது குறைந்தது ஒன்றரை மணி நேரம். சென்னை டிக்கெட் மலிவாக இருந்தால் வாடகைக் காரின் கூடுதல் தொகையையும் கூடுதலாக வரும் இரண்டு சுங்கக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலான நேரம் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா, கொழும்பு ஆகிய ஊர்களுக்குத் திருச்சியே நல்லது. கொழும்பு திருச்சியிலிருந்து 420 கிலோமீட்டர்தான்; பறப்பது ஒரு மணி நேரம்.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூன் 11 முதல் இயங்குகிறது. இடவசதி பெருகிவிட்டது. ஓடுபாதை மட்டும் பழைய நீளந்தான். 2,500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,650 மீட்டருக்கும் மேல். இதனால் திருச்சியிலிருந்து ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களே பறக்கின்றன. லண்டன்வரை எரிபொருள் நிரப்பிய பெரிய விமானத்தைக் கிளப்ப நீண்ட ஓடுபாதை வேண்டும். எரிபொருளின் கனம் எவ்வளவு முக்கியம் என்பதை 2024 அக்டோபர் 11 மாலை தமிழ்நாடே பார்த்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேருடன் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி வட்டாரத்தின் மேலேயே வட்டமடித்தது. நான்கு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு உடனே இறங்கினால் எடை அதிகம். 737 ரகத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதியும் இல்லை. எரித்துத்தான் குறைக்க வேண்டும். குறைத்தபின் இரவு எட்டேகால் மணியளவில் விமானி பத்திரமாக இறக்கினார்.

காரில்லாமல் போகிறவர்களுக்கு ரயில் நல்ல துணை. விருத்தாசலம் சந்திப்பு விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கிறது. சென்னை ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். தாம்பரம்வரை மூன்று மணி நேரம், முன்பின். சாலை நெரிசல் என்ற கவலையே இல்லை. அரசுப் பேருந்தில் போனால் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு பயணம் முடியும். அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டும். பெட்டிகளோடு அது சிரமம்தான், அந்த மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குவது உத்தமம்.

தேதிக் குழப்பம் ஒன்று உண்டு. விமானத்தைத் தவறவிடுகிறவர்களில் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால் அது 14ஆம் தேதி இரவு படுக்கப்போகும் நேரத்துக்குப் பிறகு வருகிற அரை மணி. அதாவது 14ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கெல்லாம் வேப்பூரை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். 15ஆம் தேதி சாயங்காலம் மாலை மரியாதையோடு வழியனுப்பக் கூடினால், விமானம் முந்தின இரவே போய்ச் சேர்ந்திருக்கும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பொதுவாகக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடப்படும். டிக்கெட் வந்த அன்றே காலண்டரில் வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் எழுதி மாட்டிவிட வேண்டும். விமானம் கிளம்பும் தேதியை எழுதினால் போதாது.

மாறிப்போகும் பயணத்தில் இரண்டு விமானமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பது அவசியம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே எண் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் பணம் போனது போனதுதான். சில நாடுகளில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட விசாவும் கேட்பார்கள். ஒரே எண்ணில் இரண்டரை மணி நேர இடைவெளி வசதியானது. ஒரு மணி நேர இடைவெளி முதல் தடவை பறப்பவருக்கு வேண்டவே வேண்டாம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையைப் பேரப்பிள்ளைக்குக் கொண்டுபோகிறவர்கள் அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். விமானம் மாறும்போது பெரிய பெட்டி கை மாறுவது அதிகம், அடிபடுவதும் அதிகம். கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ வரம்பு.

எல்லாம் சரியாகக் கணக்கிட்டாலும் நாடுகளுக்கிடையே சண்டை மூண்டால் வழி மாறும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் வழிகள் நீண்டன. திருச்சி–துபாய் வழி அரபிக் கடல் மேலே போவதால் நமக்கு அந்தப் பாதிப்பு சிறிது. ஆனால் அதே ஆண்டு ஜூன் 23 இரவு கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது வளைகுடாவுக்குப் போன விமானங்கள் பல திரும்பிவந்தன. அத்தகைய நாட்களில் வேப்பூரைவிட்டுக் கிளம்புமுன் விமான நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும்.

இந்த வட்டாரத்தின் தாத்தாக்கள் மலாயாவுக்குப் போனது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா என்ற கப்பல் 1973வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கரை சேர ஒரு வாரம் ஆகும். பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியே நின்றுபோனது. அந்த ஒரு வாரம் இன்று பத்தேகால் மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது.

திரும்பிவரும் கணக்கையும் போகும்போதே போட்டுவைக்கலாம். சிங்கப்பூரில் இரவு 9 மணிக்குக் கிளம்பும் விமானம் நம் நேரப்படி 10.45 மணியளவில் திருச்சியில் இறங்கும். பெட்டி எடுத்து வெளியே வர நள்ளிரவாகும். அந்நேரத்தில் சென்னைப் பேருந்துகள் நிறைய ஓடினாலும் எல்லாமே வேப்பூரில் நிற்பதில்லை. கூட்டு ரோட்டில் நிற்குமா என்று நடத்துனரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டே ஏற வேண்டும். அதிகாலையில் சிங்கப்பூரில் இறங்குகிறவருக்கும் இதே யோசனை பொருந்தும்: 4.45க்கு எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியிருக்காது, ஐந்தரைவரை நிலையத்துக்குள்ளேயே இருந்துவிட்டு முதல் ரயிலைப் பிடிப்பது டாக்சிக் காசை மிச்சப்படுத்தும்.